மெக்சிகோ கடைப் படையல்

திருப்பூர் மண்ணரையில் மெக்சிகோ சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள் என்று என் மகள் கீதாஞ்சலி சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் புதுக்கடை என்றால் பிரியாணிக் கடையாக இருக்கும். இல்லாவிட்டால் வடநாட்டுப் பையன்களுக்கென்று சப்பாத்தியும் சமோசாவும் போடுகிற கடையாக இருக்கும். மெக்சிகோ என்ற பேரை நான் ஏற்றுமதிக்குப் போகிற பனியன் அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டுகிற லேபிளில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"எந்த எடத்துல?" என்று கேட்டேன்.

"நீங்க முன்னால வேலை பாத்த கம்பெனி பில்டிங்குலதாம்மா. கீழ மட்டும் வாடகைக்கு எடுத்திருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் சமைக்காதீங்க, வாங்க போலாம்."

அப்போதே வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கல்யாணம் முடிந்து போகப் போகிற பிள்ளை, ஆசையாகக் கூப்பிடுகிறாளே என்று சரி என்றேன்.

அந்தக் கம்பெனியில்தான் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். அவர் பேர் தங்கதுரை, கட்டிங் மாஸ்டர். நான் செக்கிங். தைத்து வருகிற பனியனை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எல்லோரும் சொல்வார்கள். நாள் முழுக்க அடுத்தவர்கள் செய்த தப்பையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குக் கோபம் வராமல் குளுகுளுவென்றா இருக்கும்?

கீதா இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் காலையில் அவர் சோமனூர் வரைக்கும் போய் ஒரு ஆளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். வரவில்லை. வீட்டில் சண்டை கிடையாது, அவருக்குக் குடி கிடையாது. போன் அணைந்து கிடந்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்களுக்குக் குறைச்சலே இல்லை. சூரத்தில் பார்த்தேன் என்றார் ஒருவர். பெங்களூரில் பஸ் ஏறும்போது பார்த்தேன் என்றார் இன்னொருவர். ஆள் விட்டுத் தேடினால் அங்கே யாரும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவ்வப்போது கூப்பிடுவார்கள். தண்டவாளத்தில், வாய்க்காலில், லாட்ஜில் என்று அடையாளம் தெரியாமல் கிடைத்த உடம்புகளை நான் போய்ப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் அது அவர் இல்லை. வெளியே வந்து ஒரு டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். ஆனால் அந்த முகங்கள் என் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். அடுப்புக்கு முன்னால் நின்றால் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரியே இருக்கும். குளித்துவிட்டு வந்தால் ஈரத் தரையில் இன்னொரு காலடி இருக்கிறதோ என்று பார்ப்பேன். என்னை இப்படி வதைப்பது உயிரோடிருக்கிற மனிதனா, செத்துப்போனவனா என்று தெரிந்தால் போதும் என்றுதான் இத்தனை வருஷமும் சாமியிடம் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது கீதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை சேவூர்க்காரர், நல்ல மனிதர்கள். நிச்சயத்துக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார், பத்திரிகையில் பெண்ணின் அப்பா பேரை எப்படிப் போடுவது என்று. நான் எழுந்து காபி கலக்கப் போய்விட்டேன்.

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரரின் அண்ணன் ஆறுமுகசாமி மாமா திண்ணமாக ஒரு பேச்சைப் போட்டார்.

"அம்மிணி, நாஞ் சொல்றத கோவிச்சுக்காம கேளு. கூடுதுறை ஆத்தங்கரைக்குப் போயி அவனுக்குக் காரியத்த வெச்சுப்போட்டு வந்தரலாம். காரியம் வெக்காத ஊட்டுல கல்யாணத்த வெச்சா நல்லாவா இருக்கும்? ஒரு முடிவு வேணுமல்ல?"

"உசுரோட இருந்தா என்னங் மாமா பண்றது?"

"இருந்தா இத்தன வருஷத்துல வராமயா இருப்பான்? அவன் அப்பிடிப்பட்டவனா?"

அதுதான் எனக்கும் புரியாதது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அதனாலேயே, வராதவர் செத்திருக்க வேண்டும் என்று மாமா சொன்னார். அதனாலேயே, ஒருநாள் வந்துவிடுவார் என்று நான் சொன்னேன். காரியம் வைத்தால் தாலியைக் கழற்ற வேண்டும், பொட்டை அழிக்க வேண்டும். அதற்குக்கூட நான் பயப்படவில்லை. உயிரோடிருக்கிற மனிதனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்றுதான் பயந்தேன். செத்தார் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கண்ணால் பார்த்துச் சொல்லட்டும், அன்றைக்கே வைக்கிறேன் என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன்.

நாங்கள் அந்தக் கடைக்குப் போனது தீபாவளி முடிந்த வாரம். அந்த வாரத்தில் திருப்பூரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள், கம்பெனிகள் திறந்திருக்காது. தெருவில் மிஷின் சத்தம் இல்லை. வருஷம் பூராவும் காதுக்குள் ஓடுகிற சத்தம் நின்றுபோனால் நம் செருப்புச் சத்தமே யாரோ பின்னால் வருகிற மாதிரி கேட்கும். சாயங்கால வெயில் மூடிய ஷட்டர்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. கம்பெனி கட்டடத்துக்கு முன்னால் வந்து நின்றோம். கேட்டுக்கு மேல் பழைய பேர் எழுதியிருந்த இடத்தில் பச்சையும் சிவப்புமாக ஒரு போர்டு இருந்தது: அமிகோ மெக்சிகன் உணவகம், டீ காபி கிடைக்கும்.

"டீ காபி வேற கெடைக்குமாமா? நல்ல மெக்சிகோதான் போ" என்றேன். கீதா சிரித்தாள்.

உள்ளே நாலைந்து மேஜைகள்தான். கடைக்காரன் பேர் ஆரோக்கியராஜ், தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. சின்ன வயதில் அப்பா அம்மாவோடு பனியன் வேலைக்கு வந்து, பிறகு துபாயில் ஒரு மெக்சிகோ ஓட்டலில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். சமைக்கிறதும் அவன்தான், பரிமாறுகிறதும் அவன்தான். ஏற்றுமதியில் ஒதுக்கிய டீ-சர்ட்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டு அலங்காரம் செய்திருந்தான். எல்லாவற்றிலும் பூப்போட்ட மண்டையோடு. ஒரு சட்டையில் மண்டையோட்டின் பல் வரிசை கோணலாக விழுந்திருந்தது. ஏன் ஒதுக்கினார்கள் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

"வாங்கக்கா, உக்காருங்க. மொதல்ல டாக்கோ சாப்பிட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா காசு வேண்டாம்" என்றான்.

மக்காச்சோள மாவில் உள்ளங்கை அகலத்துக்கு ரொட்டி சுட்டு, அதை மடக்கி, உள்ளே கோழிக்கறியும் வெங்காயமும் கொத்தமல்லியும் வைத்துக் கொடுத்தான். பக்கத்தில் பச்சைத் தக்காளியை அரைத்த சட்னி. எங்கள் ஊரில் மக்காச்சோளம் போடுவதே பல்லடத்துக் கோழிப் பண்ணைகளுக்காகத்தான்.

"கோழி தின்னுற தீவனத்துல ரொட்டி சுட்டு, அதுக்குள்ள கோழியவே வெச்சுட்டீங்களே தம்பி" என்றேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "இங்க வாரவங்க எல்லாரும் இதத்தான்க்கா சொல்லுதாங்க."

குறை சொல்லலாம் என்றுதான் வாயில் வைத்தேன். நன்றாக இருந்தது. எலுமிச்சைப் புளிப்பும் பச்சை மிளகாய்க் காரமும் நம் வாய்க்குத் தகுந்த மாதிரிதான் இருந்தன. இரண்டாவதை எடுத்தபோதுதான் எதிரே, முன்பு கட்டிங் டேபிள் கிடந்த சுவரோரமாக, படிபடியாக எதையோ அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். நவராத்திரிக்குக் கொலு வைப்பது போல மூன்று படி. படி முழுக்கச் செண்டுமல்லிப் பூ. மெழுகுவத்திகள். மேல் படியில் ஒரு வயதான அம்மாவின் படம்.

"என்னங் தம்பி அது?"

"செத்தவங்களுக்கு வைக்கதுக்கா. எங்கள்ல இந்த மாசம் கல்லறைத் திருநாள் வரும்லா, கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டு போவோம். மெக்சிகோக்காரங்க அதையே வீட்டுக்குள்ள படி கட்டி, படம் வச்சு, செத்தவங்களுக்குப் புடிச்சதச் சமைச்சுப் படைக்காங்க. அன்னைக்கு அவங்க வந்து சாப்பிட்டுட்டுப் போவாங்களாம். துபாய்ல எங்க செஃப் வருஷாவருஷம் வைப்பாரு. மேல இருக்கது எங்கம்மா."

கீழ்ப்படியில் ஒரு பெரிய படம் இருந்தது. சட்டத்துக்குச் செண்டுமல்லி மாலை போட்டிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கு அது என்ன படம் என்று தெரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எல்லோரும் சேர்ந்து எடுத்த படம். அடுக்கி வைத்த துணி பேல்களுக்கு முன்னால் மூன்று வரிசையாக நிற்கிறோம். நானும் இருக்கிறேன்.

"அட, நம்ம அம்மா!" என்று கீதா எழுந்து ஓடினாள்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "ஏனுங் தம்பி, உசுரோட இருக்கறவங்களுக்கு மாலை போட்டு மெழுகுவத்தி பத்த வெச்சிருக்கீங்களே, இது எந்த ஊரு நியாயம்? நா இங்க குத்துக்கல்லாட்ட உக்காந்து உங்க டாக்கோவத் தின்னுட்டிருக்கறன்!"

ஆரோக்கியராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அக்கா, கோவப்படாதிய. கடைக்கு வெள்ளை அடிக்கும்போது பரண்ல கெடந்துச்சு. ஒவ்வொரு மொகத்துலயும் நெத்தியில சந்தனம் குங்குமம் வச்சிருந்துச்சு. எல்லாரும் செத்துப்போனவங்கன்னு நெனச்சேன். ஏதோ விபத்து போலன்னு நெனச்சேன். செத்தவங்க படத்தத் தூக்கிப் போட மனசு வரல. அதான் எங்கம்மாவுக்குக் கீழ வச்சேன்."

அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. அந்தச் சந்தனம் அபிராமி வைத்தது. எங்கள் கூடச் செக்கிங்கில் இருந்தவள். ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தால் மிஷின், கத்தரிக்கோல், பூட்டு, மீட்டர் பெட்டி, கக்கூஸ் கதவு வரைக்கும் ஒன்றையும் விடமாட்டாள். அந்த வருஷம் படத்தையும் விடவில்லை. கண்ணாடி மேல் ஒவ்வொரு தலையாகத் தேடித் தேடி நெற்றியில் பொட்டு வைத்தாள். உயிரோடிருக்கிறவர்களுக்கு வைத்துவிட்டாயே என்று முதலாளி கத்தினார். ஆனால் வைத்த பொட்டை அழிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஒருவன் நெற்றிப் பொட்டை அழித்து, அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? கம்பெனி மூடுகிற வரைக்கும் நாங்கள் எல்லோரும் அந்தச் சுவரில் பொட்டோடுதான் தொங்கினோம்.

எழுந்து போய்ப் பார்த்தேன். செக்கிங் கண் அல்லவா, எது சரியில்லை என்று உடனே தெரிந்துவிட்டது. கண்ணாடி துடைத்துக் கிடந்தது. என் நெற்றியில் பொட்டு இல்லை. அபிராமி நெற்றியில் இல்லை. முன் வரிசையில் இல்லை, பின் வரிசையில் இல்லை. இரண்டாவது வரிசையின் ஓரத்தில் நிற்கிற ஒரே ஒரு முகத்தில் மட்டும் காய்ந்து வெடித்த சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் அப்படியே இருந்தன. அவருக்கு நேர் கீழே ஒரு தட்டில் இரண்டு டாக்கோவும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்திருந்தது.

அது தங்கதுரை.

"மத்தவங்க பொட்டெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"அதச் சொல்ல வாரேன்க்கா. நேத்து சாயங்காலம் ஒரு ஆளு வந்தாவ. முன்னால இங்க வேல பாத்தவங்களாம். படத்தப் பாத்துட்டு, இதுல எல்லாரும் உசுரோட இருக்கவங்கதான், இந்த ஒருத்தன் மட்டுந்தான் செத்துப்போனான்னு சொன்னாவ. மத்தவங்க பொட்டெல்லாம் அவங்களே தொடச்சாவ. இவனுக்கு மட்டும் வைங்க தம்பின்னாவ. நான் இன்னைக்குப் புதுசாச் சமைச்சு வச்சேன்."

கீதா என் கையைப் பிடித்தாள். "அம்மா, அது அப்பாதானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷமாக நான் கேட்டது இதுதான். ஒரே ஒரு ஆள் வந்து சொல்லட்டும் என்று கேட்டேன். வந்து சொல்லிவிட்டார்கள். அதுவும் அவர் துணி வெட்டிக்கொண்டு நின்ற அதே சுவரோரத்தில் சொல்லியிருக்கிறார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்று இவன் சொன்னானே. அந்தத் தட்டைப் பார்த்தேன். டம்ளர் தண்ணீர் அசைகிற மாதிரி தெரிந்தது. என் தலைதான் அசைந்திருக்கும்.

படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்தார் என்றால் எங்கே செத்தார், எப்படிச் செத்தார், யார் எடுத்துப் போட்டார்கள்? தண்ணீர் கேட்டாரா? என் பேரைச் சொன்னாரா? தெரிந்தவர் ஒருவர் நேற்று இதே இடத்தில் நின்றிருக்கிறார், நான் இரண்டு தெரு தள்ளிப் பாத்திரம் துலக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவ்வளவு தெரிந்தவர் வீடு தேடி வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

"அந்த ஆளு ஆருங் தம்பி? பேரு சொன்னாரா? எப்பிடி இருந்தாரு?"

"பேரு கேக்கலக்கா. கேமராவுல இருக்கும், பாக்கியளா?" என்று சொல்லிக்கொண்டே ஆரோக்கியராஜ் தன் போனை எடுத்துத் தேடினான். கடை மூலையில் கூரையோரம் ஒரு கேமரா இருந்தது. நேற்றைய சாயங்காலத்தை எடுத்து என் கையில் கொடுத்தான்.

மேலிருந்து எடுத்த வீடியோ, சத்தம் இல்லை. காலி மேஜைகள். கதவு திறந்தது. ஒரு தலை தெரிந்தது, உச்சியில் முடி கொட்டி, சுற்றிலும் மை பூசிய தலை. முழுக்கைச் சட்டை. கையில் ஒரு துணிக்கடைப் பை. முகம் தெரிவதற்கு முன்னால் அந்த நடை தெரிந்தது. வருஷக்கணக்காகக் கட்டிங் டேபிள் மேல் குனிந்து நின்றதில் இடது தோள் இறங்கிப்போன நடை. ஆஸ்பத்திரியில் எத்தனை துணியை விலக்கிப் பார்த்தவள் நான். படுத்துக் கிடக்கிற உடம்புகளில் தேடிய அந்தத் தோள், கடைக்குள் நடந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

அவரேதான். தங்கதுரையேதான்.

நான் கத்தவில்லை. போனை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டேன். அவர் படத்தைப் பார்த்தார். எழுந்து படிக்கு முன்னால் வந்து நின்றார். நான் இப்போது நிற்கிற அதே இடம். என் தோளுக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருந்ததால் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். கீதாதான் உட்கார்ந்திருந்தாள். வீடியோவுக்குள் ஆரோக்கியராஜ் வந்து ஏதோ சொன்னான். அவர் ஏதோ சொன்னார். பிறகு மேஜையிலிருந்த டம்ளரில் விரலை நனைத்துக்கொண்டு குனிந்தார்.

முதலில் துடைத்தது என் நெற்றியை. கட்டை விரலால், பதமாக, துணியில் பட்ட எண்ணெய்க் கறையை எடுப்பதுபோல் துடைத்தார். சந்தனம் போய்விட்டதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்து இன்னொரு தடவையும் துடைத்தார். அதற்குப் பிறகுதான் அபிராமி, முதலாளி, மற்றவர்கள் எல்லோரும். கடைசியில் தன் முகத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டார். செண்டுமல்லி ஒன்றை எடுத்துத் தனக்கு நேராக வைத்தார்.

எங்கள் பக்கம் புருஷன் செத்தால் பெண்டாட்டியின் பொட்டை மற்ற பெண்கள் அழிப்பார்கள். புருஷனே வந்து அழித்துவிட்டுப் போனதை நான் ஒருத்திதான் கண்டிருப்பேன். அவர் அப்படி நினைத்துத் துடைத்திருக்க மாட்டார். இவள் சாகவில்லை, இவளுக்கு எதற்கு மாலையும் பொட்டும் என்றுதான் துடைத்திருப்பார். பாசம் போலத்தான் அது இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால், திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

பிறகு அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். நிதானமாக, சட்னியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்.

"ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாவக்கா. நல்லாருக்குன்னு சொன்னாவ. நல்ல மனுசன். சாப்பிட்டுட்டு இருக்கும்போதே வீட்டுல இருந்து போன் வந்துச்சு. பாப்பாவத் தூங்க வச்சிராத, கவுன் வாங்கிருக்கேன், வந்து போட்டுப் பாக்கணும்னு சொல்லிட்டு இருந்தாவ" என்றான் ஆரோக்கியராஜ். என் கையிலிருக்கிற போனில் தெரிபவரும், படத்தில் பொட்டு வைத்திருப்பவரும் ஒருவர்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிகிற மாதிரியும் இல்லை. படத்தில் அவருக்கு அடர்ந்த முடி, ஒல்லியான முகம்.

இரண்டு தெரு தள்ளித்தான் நாங்கள் இருக்கிறோம். அதே வீடு, அதே பச்சைக் கேட். வாசலில் வந்து நிற்க வேண்டாம், அந்த வழியாக ஒரு முறை நடந்து போயிருக்கலாம். நடந்து போயிருந்தால் கீதா வளர்ந்து நிற்பதையாவது பார்த்திருக்கலாம். இங்கே வந்து தன்னைத் தானே சாகடித்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, யாரோ ஒரு பாப்பாவுக்குக் கவுன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். போனில் அவர் கை கழுவப் போய்க்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

"இவருதானாம்மா அப்பாவப் பத்திச் சொன்னது?"

"இவருதான்."

"உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?"

"அப்பத் தெரிஞ்சவருதான் கண்ணு."

"அப்பா எங்க செத்தாரு, எப்பிடினு இவருகிட்டக் கேக்கலாமா?"

ஆரோக்கியராஜ் உடனே சொன்னான். "ஜீபேலதான் காசு குடுத்தாவ. பேரும் நம்பரும் இருக்கும். எடுத்துத் தரட்டாக்கா?"

என் வாய் வரைக்கும் வந்தது. கொடு என்று சொன்னால் போதும். இந்த நிமிஷமே கூப்பிட்டு, இத்தனை வருஷத்துக் கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்கலாம். கீதாவைப் பார்த்தேன். அழுது முகம் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். அப்பா செத்துப்போனார் என்ற அழுகை அது. அழுதால் தீர்ந்துவிடும். நம்பரை வாங்கினால் அவளுக்கு அந்த அழுகையும் இல்லாமல் போகும். அப்பா இருக்கிறார், இரண்டு தெரு வரைக்கும் வந்தார், நம் வீட்டுக்கு வரவில்லை என்று நான் அவளுக்குச் சொல்ல வேண்டி வரும். கல்யாணப் பெண்ணுக்கு நான் சீராகக் கொடுக்க வேண்டியது இதுவா?

"வேண்டாம் தம்பி" என்றேன். "அவரு சொல்ல வேண்டியதச் சொல்லிட்டாரு. இனி அவரத் தொந்தரவு பண்ண வேண்டாம். இந்த வீடியோவ அழிச்சுப்போடுங்க."

அவன் போனை வாங்கிக்கொண்டான். படியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும், அவருக்கு வைத்தது வைத்தபடியே இருக்கட்டும் என்று சொன்னேன். மெழுகுவத்தி ஒன்று அணைந்திருந்தது. பக்கத்து மெழுகுவத்தியில் பிடித்து ஏற்றி வைத்தேன்.

வாசல் பக்கம் வந்து ஆறுமுகசாமி மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அவருக்குக் காரியம் வெச்சரலாங்க. இந்த வாரத்துலயே கூடுதுறைக்குப் போலாங்க."

"ஏன் அம்மிணி, எதாச்சும் தகவல் கெடைச்சுதா?"

"கெடைச்சுதுங்க."

"ஆரு பாத்தது? நல்லாக் கேட்டயா? அவந்தானா?"

"நானே பாத்தேனுங் மாமா. என்ற கண்ணாலயே பாத்தேன். அவருதானுங்க."

மாமா "தம்பீ" என்று பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தார். காரியம் வை, காரியம் வை என்று என்னை அரித்துக்கொண்டிருந்த மனிதர்தான். அவரும் இத்தனை நாள் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. அவர் அழுது முடிக்கிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரருக்காக யாராவது ஒருவர் அப்படி அழத்தானே வேண்டும்.